குந்திரிக்கமும் மூளை வீக்கமும்



சில மாதங்களுக்கு முன் சின்னமனூர்ப் பக்கத்து மளிகைக்கடைக்காரர் ஒருவர் தேனியில் உள்ள நமது கடைக்குக் கொள்முதலுக்கு வந்தார். சரக்கெல்லாம் கட்டி முடித்த பிறகு, "அண்ணாச்சி, நல்ல குந்திரிக்கமா அரைக் கிலோ தனியாப் போடுங்க, வீட்டுக்கு" என்றார். இராயப்பன்பட்டி மாதா கோயிலுக்கா என்று கேட்டோம். இல்லையாம். அவருடைய மைத்துனருக்கு மூளையில் கட்டி. மதுரையில் கதிர்வீச்சு வைத்தியம் நடக்கிறது. குந்திரிக்கத்தைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தால் மூளை வீக்கம் வற்றிவிடும் என்று கைப்பேசியில் யாரோ செய்தி அனுப்பியிருக்கிறார்கள். "டாக்டர் குடுத்த மாத்திரையில முகமெல்லாம் ஊதிப் போச்சு. அதை நிறுத்திட்டு இதைக் குடுக்கலாம்னு இருக்கோம்" என்றார். தராசில் வைத்த சரக்கைக் கீழே இறக்கிவிட்டோம்.

அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்தால் இரண்டு வரியில் முடித்துவிடலாம். அதில் பாதி உண்மை இருப்பதால்தான் இங்கே விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. மருந்தாளுநர் படிப்புப் படித்த நம் அண்ணன் மகளை வைத்துக்கொண்டு, கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறோம்.

கை கால் வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். மூளையைச் சுற்றி இருப்பதோ மண்டை ஓடு. அது இடம் கொடுக்காது. கட்டியைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து தேங்கும்போது மூளை நெருக்கப்படுகிறது. தலைவலி, வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று போய், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகிறது. இதை அடக்க டாக்டர்கள் கொடுப்பது டெக்ஸாமெதாசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து. வேலை செய்யும் மருந்துதான். ஆனால் நாள்பட்டால் சர்க்கரை ஏறும், முகம் உப்பும், தசையும் எலும்பும் பலம் குறையும். ஆகவே இதன் அளவைக் குறைக்க வழி உண்டா என்று உலகெங்கும் தேடி வருகிறார்கள்.

அந்தத் தேடலில் அகப்பட்ட ஒன்று நம் நாட்டுச் சலை மரத்தின் பிசின். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் முதலான வறண்ட மலைக்காடுகளில் வளரும் மரம் இது. பட்டையைச் சீவிவிட்டால் பால் வடிந்து உறையும். ஜம்முவில் இருந்த வட்டார ஆராய்ச்சிக் கூடத்தில் 1980-களில் இதன் வீக்கம் குறைக்கும் குணத்தை ஆராய்ந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் டூபிங்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அம்மோன் குழுவினர், பிசினில் உள்ள பாஸ்வெல்லிக் அமிலங்கள் லியூக்கோட்ரையீன் என்னும் பொருள் உடலில் உண்டாவதைத் தடுப்பதாகக் கண்டார்கள். இரத்தக் குழாய்களைக் கசிய வைப்பவற்றில் அதுவும் ஒன்று.

பிறகு அதே நாட்டில் ஃப்ரைபுர்க் நகரில், மூளைக் கட்டிக்காகக் கதிர்வீச்சு பெற்ற 44 பேரிடம் சோதனை நடந்தது. முடிவு 2011-ல் வெளியாயிற்று. ஒரு பாதியினருக்குச் சலைப் பிசினின் சத்து தினம் 4,200 மில்லிகிராம். மறு பாதியினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கதிர்வீச்சு முடிந்ததும் படம் எடுத்துப் பார்த்ததில், வீக்கம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தவர்கள் சத்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 60, மற்றவர்களில் 26. நல்ல வித்தியாசம்தான். சிலருக்கு இலேசான வயிற்றுப்போக்கு தவிரப் பெரிய தொந்தரவு இல்லை.

ஆனால் அதே ஆய்வின் மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இரு சாராரும் சாப்பிட்ட டெக்ஸாமெதாசோன் அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதாவது, மாத்திரையை நிறுத்திவிட்டுப் பிசின் கொடுத்துப் பார்த்த சோதனை அல்ல இது. நினைவாற்றலிலும் அன்றாட நலத்திலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றமும் தெரியவில்லை. 44 பேர் என்பது முன்னோட்டச் சோதனைக்குரிய எண்ணிக்கை. இதை வைத்து மருந்து என்று முடிவு கட்ட முடியாது. ஸ்டீராய்டைப் பல வாரம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால், வீக்கம் திரும்புவது ஒரு புறம், இரத்த அழுத்தம் விழுந்து உடம்பே தளர்ந்துவிடவும் கூடும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இனி நம் சரக்கு விஷயம். சாம்பிராணி என்று நாம் விற்பது ஒரே பொருளா? சுமத்ராவிலிருந்து வரும் சாம்பிராணி வேறு மரத்துப் பால். குங்கிலியம் சால் மரத்துப் பிசின். கருங்குங்கிலியம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்காட்டு மரத்துடையது. குந்திரிக்கம் என்ற பெயரிலேயே சலைப் பிசினும் வரும், அரபு நாட்டுப் பக்கத்துப் பிசினும் வரும், வெள்ளைக் குங்கிலியமும் வரும். மூட்டையில் மண், பட்டைத் துண்டு, கலப்பு எல்லாம் சகஜம். புகைக்கு வாங்குகிறவர் அதைக் கேட்பதில்லை. கப் சாம்பிராணியிலோ பாதிக்கு மேல் கரித்தூளும் வாசனையும்தான். இவற்றில் எதுவும் வயிற்றுக்கு என்று சுத்தம் செய்யப்பட்டதல்ல. சோதனையில் கொடுத்ததோ அளந்து பிரித்த சத்து.

சட்டமும் உண்டு. 1954-ம் ஆண்டின் மருந்துகள், மாய வைத்தியங்கள் விளம்பரச் சட்டத்தில், குணமாகும் என்று விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் மூளை நோய்களும் புற்றுநோயும் இருக்கின்றன. கடை வாசலில் அட்டை எழுதித் தொங்கவிட்டாலும் விளம்பரம்தான். வாட்ஸ்அப்பில் வந்ததை வெட்டி ஒட்டும் ஆர்வசாலிகள் நம்மில் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறோம்.

சின்னமனூர் நண்பர் அன்று வெறுங்கையோடுதான் போனார். நம் மேல் கொஞ்சம் வருத்தம்கூட. மறு வாரம் மதுரை டாக்டரிடம் மனம் விட்டுக் கேட்டிருக்கிறார். எத்தனை நாளில் எவ்வளவு குறைப்பது என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தாராம். நம் கடையில் இப்போது பட்டியலில் 'சாம்பிராணி வகை' என்று ஒரே வரியில் போடாமல் ரகம் ரகமாகப் பிரித்து எழுதுகிறோம். பொட்டலத்தின் மேல் 'புகைக்கு மட்டும்' என்று முத்திரை குத்துகிறோம். முத்திரை செய்ய ஆன செலவு பெரிய தொகை ஒன்றும் இல்லை.