தனியார் வளாகங்களில் போக்குவரத்துக் காவல் அதிகாரம்: ‘பொது இடம்’ என்னும் சட்டச்சொல்லின் எல்லை

முன்னுரை

அடுக்குமாடிக் குடியிருப்பு, வணிக வளாகம், தொழிற்சாலை ஆகியவற்றின் மதிலுக்குள் நிகழும் வாகன விதிமீறல்களில் காவல்துறை தலையிட இயலுமா என்பது அடிக்கடி எழும் வினாவாகும். நிலம் யாருடையது என்பதைக் கொண்டே பலரும் இதற்கு விடை காண்கின்றனர். இந்தியச் சட்டத்தின் அளவுகோல் வேறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்ட வரையறை

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 2(34), பொதுமக்களுக்கு அணுகல் உரிமையுள்ள சாலை, தெரு, வழி அல்லது பிற இடத்தைப் ‘பொது இடம்’ என வரையறுக்கிறது. உடைமை குறித்து இவ்வரையறை எதுவும் கூறவில்லை.

பிரிவுகளுக்கிடையேயான வேறுபாடு

ஓட்டுநர் உரிமம் (பிரிவு 3), தலைக்கவசம் (129), ஆபத்தான நிலையில் வாகனத்தை நிறுத்துதல் (122) ஆகியவை பொது இடத்திற்கே உரியவை. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வாகனத்தையும், சட்டப்படி நிறுத்தம் தடைசெய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வாகனத்தையும் அகற்றச் செய்யும் அதிகாரத்தைப் பிரிவு 127 சீருடையிலுள்ள காவல் அலுவலருக்கு அளிக்கிறது. குடியிருப்போர் சங்கம் தன் வளாகத்தில் வைக்கும் அறிவிப்புப் பலகை மட்டும் அத்தகைய சட்டத் தடையாகிவிடாது.

மாறாக, வாகனப் பதிவு குறித்த பிரிவு 39 பொது இடத்தோடு ‘வேறு எந்த இடத்தையும்’ சேர்த்துக்கொள்கிறது. மதுபோதையில் ஓட்டுதல் பற்றிய பிரிவு 185 இடத்தையே குறிப்பிடவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவ்வேறுபாடு உண்டு. கண்மூடித்தனமாக ஓட்டுதல் (281) பொதுவழிக்கு உரியது; கவனக்குறைவால் உயிரிழப்பு (106), காயம் (125) விளைவித்தல் ஆகியவற்றுக்கு அவ்வரம்பு இல்லை.

நீதிமன்ற விளக்கங்கள்

காப்பீட்டு இழப்பீட்டு வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு (1999), தனியார் இடமும் ‘பொது இடம்’ ஆகலாம் எனப் பொருளை விரித்தது. விசாகப்பட்டினம் எஃகு ஆலையின் மதிலுக்குள் மட்டும் இயங்கிய வாகனங்கள் தொடர்பான வழக்கில், அவ்விடம் பொது இடமன்று எனக் கூறி, வாகன வரி கோர இயலாது என உச்ச நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோரைக் காக்கும்போது விரியும் சொல், அரசு வரி கேட்கும்போது சுருங்குகிறது.

முடிவுரை

எனவே, அணுகல் உரிமை, குறிப்பிட்ட பிரிவின் சொல்லமைப்பு ஆகிய இரண்டுமே அதிகாரத்தின் எல்லையைத் தீர்மானிக்கின்றன. மதிலுக்குள் எங்கும் அபராதம் விதிக்கலாம் எனக் கருதுவது பிழை. வளாகத்தில் விளையாடும் குழந்தைமீது வாகனம் மோதியபின், ‘தனியார் இடம்’ எனக் கூறிப் புகாரை மறுப்பது அதனினும் பெரும் பிழையாகும்.