இடைவேளையில் ஒலித்த இசை

குட்டீஸ்! நீங்கள் ஒரு யானைப் படம் வரைகிறீர்கள். முடித்ததும் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறீர்கள். தும்பிக்கை குட்டையாகப் போய்விட்டது என்று உடனே தெரிந்துவிடும். கதை எழுதினாலும் அப்படித்தான். ஒரு தடவை படித்துப் பார்த்தால் போதும். பாட்டுக் கட்டினால்? வாய்விட்டுப் பாடிப் பார்க்கலாம்.

ஆனால், 60 பேர் சேர்ந்து வாசிக்க வேண்டிய இசையை ஒருவர் எழுதினால் என்ன செய்வார்? வயலின், புல்லாங்குழல், கிளாரினெட், டிரம்பெட், செல்லோ என்று ஆளுக்கொரு வாத்தியம். ஆளுக்கொரு வரி. எழுதியவருக்கு வாய் ஒன்றுதானே இருக்கிறது! எழுதியது சரியாக வந்திருக்கிறதா என்று காதால் கேட்க வேண்டுமானால் 60 பேர் வேண்டும். அந்த 60 பேரும் புதிதாக எழுதப் பழகும் ஒருவருக்காக எதற்கு வந்து உட்காரப் போகிறார்கள்?

இந்தச் சிக்கலை நம்ம தேனி மாவட்டத்துக்காரர் ஒருவர் எப்படிச் சமாளித்தார் தெரியுமா?

உத்தமபாளையத்திலிருந்து மலையை நோக்கிப் போனால் கோம்பை. அதைத் தாண்டினால் பண்ணைப்புரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். அங்கே 1943-இல் பிறந்தவர் ராசய்யா. (அப்போது அது மதுரை மாவட்டம். தேனி மாவட்டம் 1996-இல்தான் தனியாகப் பிரிந்தது.) இந்த ராசய்யாவை உங்களுக்கு இளையராஜா என்ற பெயரில் நன்றாகத் தெரியும்.

அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் மேடைப் பாடகர். பொதுவுடைமைக் கட்சிக் கூட்டங்களில் பாட்டுப் பாடி ஊர் ஊராகச் சுற்றியவர். 14 வயதில் ராசய்யாவும் அந்தக் குழுவில் சேர்ந்துகொண்டார். ஆர்மோனியம், பாட்டு, பயணம். கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் தொடங்கி எத்தனையோ மேடைகள்! பொதுக்கூட்ட மேடையில் ஒரு வசதி உண்டு. பாட்டு பிடித்திருந்தால் கூட்டம் அசையாமல் நிற்கும். பிடிக்கவில்லை என்றால் பின்வரிசை மெதுவாகக் கலைய ஆரம்பிக்கும். யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை.

ஆனால் பெரிய இசைக்குழுவுக்கான இசை அங்கே கிடையாது. அதை எழுதும் முறையைச் சொல்லித்தர ஆளும் இல்லை. அதற்கு 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த சென்னைக்குத்தான் போக வேண்டும். போவதற்குப் பணம்? வீட்டிலிருந்த ரேடியோவை விற்று அம்மா சின்னத்தாயம்மாள் 400 ரூபாய் கொடுத்து அனுப்பினார் என்று அந்தச் சகோதரர்கள் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள். இசை கேட்பதற்கு வீட்டில் இருந்த பெட்டியையே விற்றுப் பிள்ளைகளை இசைக்கு அனுப்பிய அம்மா!

தன்ராஜ் மாஸ்டரின் பாடம்

சென்னையில் 1968-இல் ராசய்யா போய்ச் சேர்ந்தது தன்ராஜ் மாஸ்டரிடம். மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றுத்தந்த ஆசிரியர் அவர். அவரிடம் படித்தவற்றில் முக்கியமான ஒன்று கவுன்ட்டர்பாயின்ட். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நம் பாட்டில் பெரும்பாலும் ஒரு மெட்டுதான் முன்னால் போகும். மற்றவை அதற்குத் துணையாகப் போகும். இதில் இரண்டு மெட்டுகள் ஒரே நேரத்தில் போகும். இரண்டும் தனித்தனியாகக் கேட்டாலும் அழகாக இருக்க வேண்டும். சேர்ந்து ஒலித்தாலும் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. வரப்பில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற மாதிரி. ஒருவர் எட்டு வைக்கும்போது இன்னொருவர் கொஞ்சம் விலக வேண்டும்!

இதற்குச் சில கண்டிப்பான விதிகள் உண்டு. ஒரு உதாரணம் சொல்கிறேன். கீழ்க் குரல் 'ச' பாடும்போது மேல் குரல் 'ப' பாடுகிறது. அடுத்து கீழ்க் குரல் 'ரி'க்குப் போகும்போது மேல் குரல் 'த'வுக்குப் போனால் வாத்தியார் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். ஏன்? இரண்டும் ஒரே இடைவெளியில் ஒட்டிக்கொண்டே நகர்வதால் இரண்டு மெட்டாகக் கேட்காமல் ஒரே மெட்டு தடித்துப்போன மாதிரி கேட்கும். இதை எழுதியவர் கண்டுபிடிப்பது கஷ்டம். மெட்டு அவர் மனசுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதே! தாளில் என்ன இருக்கிறது என்பதை இன்னொருவர் கண்தான் சரியாகப் பார்க்கும். கணக்கு நோட்டில் நீங்கள் விட்ட கூட்டல் பிழை பக்கத்து பெஞ்ச் பையனுக்கு மட்டும் பளிச்சென்று தெரிகிறதே, அதே கதைதான்.

சரி, விதிகள் எல்லாம் சரியாக வந்துவிட்டன. ஆனாலும் அது தாளில் இருக்கும் இசைதானே! ஒலிக்க வேண்டாமா?

அந்த நாட்களில் ராசய்யா, ஜி.கே. வெங்கடேஷ் என்ற இசையமைப்பாளருக்கு உதவியாளராக இருந்தார். கன்னடத்தில் மிகவும் புகழ்பெற்றவர் வெங்கடேஷ். அவருடைய ஏராளமான படங்களில் ராசய்யா வேலை பார்த்தார். அப்போதெல்லாம் ஒரு பாட்டைப் பதிவு செய்ய எல்லாக் கலைஞர்களும் ஒரே கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இன்றுபோல ஒவ்வொருவராக வந்து வாசித்துவிட்டுப் போய், பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளும் வேலை கிடையாது. ஆக, தேடிய இசைக்குழு கண் எதிரிலேயே இருந்தது! ஆனால் அது வேலைக்காக வந்த குழு. அவர்களுக்கு ஓய்வு என்பது இடைவேளை மட்டும்தான்.

அந்த இடைவேளையில்தான் ராசய்யா, தான் எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போவார். இதைக் கொஞ்சம் வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டுச் சம்மதிக்க வைப்பார். அவர்களும் ஒரு பகுதியை வாசித்துக் காட்டுவார்கள். தான் எழுதியது எப்படி ஒலிக்கிறது என்று அவர் கேட்டுக்கொள்வார். நீங்களே சொல்லுங்கள், காலையிலிருந்து வாசித்துக் கை ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் போய் இப்படிக் கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! தாள் கிறுக்கலாக இருந்தால் அடுத்த தடவை யார் வாங்குவார்கள்?

கேட்டுப் பார்த்தால் அப்படி என்ன தெரிந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? நிறையத் தெரியும். புல்லாங்குழலுக்கு நீளமான ஒரு வரியை எழுதிவிட்டு, மூச்சு விட இடமே வைக்காமல் விட்டிருப்போம். வாசிப்பவர் பாதியில் முகம் சிவந்து நிறுத்துவார். வழக்கமாகச் சுருதி கூட்டிய வயலினில் தடித்த தந்தியின் சுரத்துக்குக் கீழே சுரமே கிடையாது. மறந்துபோய் அதற்கும் கீழே எழுதியிருப்போம். வயலின்காரர் நம்மை ஒரு பார்வை பார்ப்பார். விரலால் தந்தியைச் சுண்டி வாசித்தவர் மறுபடி வில்லைச் சரியாகப் பிடிக்க ஒரு கணமாவது வேண்டும். டிரம்பெட் ஊதுபவரின் உதடு களைத்துப்போகும். பக்கத்தைத் திருப்பக்கூட ஒரு கை வேண்டுமே! இரண்டு கையும் வேலையாக இருக்கும் இடத்தில் பக்கம் முடிந்தால் இசையும் அங்கேயே நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பிழை கிளாரினெட்டில் வருவது. பெரும்பாலும் எல்லோரும் வாசிக்கும் கிளாரினெட், தாளில் எழுதியிருக்கும் சுரத்தைவிட ஒரு படி கீழே ஒலிக்கும். அதனால் எழுதுபவர் ஒரு படி ஏற்றி எழுத வேண்டும். மறந்தால் ஒருவர் மட்டும் வேறு பாட்டு வாசிக்கிற மாதிரி இருக்கும்.

இன்னொன்று, சத்தத்தின் அளவு. புல்லாங்குழலின் அடிச் சுரங்கள் மிக மென்மையானவை. அதே நேரத்தில் டிரம்பெட்டையும் முழங்க வைத்தால் குழல் வாசிப்பவர் பாவம், ஊதுவது அவருக்கே கேட்காது. தாளில் பார்த்தால் இரண்டு வரியும் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்கும்!

அபராதம் போட்ட நண்பர்கள்

எழுதியதை இப்படி அடுத்தவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளும் பழக்கம் மேற்கத்திய இசை வளர்ந்த நாடுகளிலும் உண்டு. ஜெர்மனியில் 1856-இல் பிராம்ஸ், யோவாகிம் என்று இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். பிராம்சுக்கு வயது 22. யோவாகிமுக்கு 24. இருவரும் வேறு வேறு ஊர்களில் இருந்ததால் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கவுன்ட்டர்பாயின்ட் பயிற்சிகளை எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். அடுத்தவர் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். சொன்ன நாளில் அனுப்பாவிட்டால் ஒரு தாலர் அபராதம்! தாலர் என்பது அந்தக் காலத்து வெள்ளி நாணயம். அபராதப் பணத்தில் மற்றவர் புத்தகம் வாங்கிக்கொள்ளலாம். யாரும் கட்டாயப்படுத்தாமல் தங்களுக்குத் தாங்களே வீட்டுப்பாடம் வைத்துக்கொண்டவர்களை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

பிராம்ஸ் பியானோக்காரர். யோவாகிம் பெரிய வயலின் கலைஞர். 22 ஆண்டுகள் கழித்து, 1878-இல், பிராம்ஸ் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்க ஒரு வயலின் இசையை எழுதினார். வயலின் பகுதியை யோவாகிமுக்கு அனுப்பி, எது கடினம், எது கைக்கு ஒத்துவரவில்லை, எது வாசிக்கவே முடியாதது என்று குறித்துக் கொடுக்கச் சொன்னார். யோவாகிம் நிறையக் குறித்து அனுப்பினார். பிராம்ஸ் சிலவற்றை ஏற்றுக்கொண்டார். சிலவற்றை மாற்றவே மாட்டேன் என்று விட்டுவிட்டார்! நண்பன் சொன்னான் என்பதற்காக எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டியதில்லைதானே? 1879 ஜனவரி 1 அன்று லைப்சிக் நகரில் யோவாகிம் வாசிக்க, பிராம்ஸ் இசைக்குழுவை நடத்த, அந்த இசை அரங்கேறியது. இன்றும் உலகமெங்கும் வாசிக்கிறார்கள்.

நம்ம ராசய்யா என்ன ஆனார்? 1976-இல் 'அன்னக்கிளி' படம் வந்தது. பஞ்சு அருணாசலம் அவருக்கு இளையராஜா என்று பெயர் வைத்தார். அப்புறம் நடந்ததை உங்கள் அப்பா, அம்மாவைக் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார்கள்! சினிமாவுக்கு வெளியே 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். திருவையாற்றுத் தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் அது காணிக்கை. 1993-இல் லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து ஒரு சிம்பொனி எழுதிப் பதிவு செய்தார். அது வெளியாகவே இல்லை. எழுதி, வாசிக்க வைத்து, அதன் பிறகும் ஊருக்குக் கேட்காமல் போன இசை! 2005-இல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு திருவாசகம் வந்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி மேடையேறியது. அப்போது அவருக்கு வயது 81.

இன்று ராயல் பில்ஹார்மோனிக் இல்லாமலேயே எழுதிப் பார்க்கலாம். மியூஸ்ஸ்கோர் போன்ற இலவச மென்பொருளில் சுரங்களை வைத்தால் கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டும். ஆனால் இதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்காது, உதடு வலிக்காது, பக்கத்தைத் திருப்ப வேண்டியதும் இல்லை. எதை எழுதினாலும் வாசித்துவிடும்! அதனால் கம்ப்யூட்டரில் எழுதினாலும் உண்மையான ஒரு குழல்காரரிடம், ஒரு வயலின்காரரிடம் காட்டிக் கேட்டே ஆக வேண்டும்.

உங்களிடம் வயலினும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லையா? பரவாயில்லை. இரண்டு பேருக்கு ஒரு தாள இசை எழுதுங்கள். ஒரு தாளில் இரண்டு வரி. ஒவ்வொரு வரியிலும் 16 கட்டம். மேல் வரி பெஞ்சைத் தட்டுபவருக்கு. கீழ் வரி கை தட்டுபவருக்கு. தட்ட வேண்டிய கட்டத்தில் புள்ளி. சும்மா இருக்க வேண்டிய கட்டம் காலி. மெதுவாகத் தட்ட வேண்டுமா, பலமாகவா என்பதையும் தாளிலேயே எழுதிவிட வேண்டும். பிறகு இரண்டு நண்பர்களிடம் கொடுங்கள். அவர்கள் தட்டும்போது நீங்கள் வாய் திறக்கவே கூடாது. "இப்படி இல்லடா, அப்படி" என்று விளக்கம் சொன்னால் ஆட்டம் செல்லாது! எங்கே தடுமாறினார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அது அவர்கள் பிழையா, உங்கள் தாளின் பிழையா என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த வாரம் அவர்கள் எழுதித் தருவதை நீங்கள் தட்ட வேண்டும்.

தாலருக்கு எங்கே போவது என்று யோசிக்காதீர்கள். சொன்ன நாளில் தராதவருக்கு இரண்டு கடலை மிட்டாய் அபராதம்.