எச்சரிக்கை வந்தால் யார் முடிவெடுப்பது?

விமானப் பாதுகாப்பு பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. பொறுப்பு மட்டும் மத்திய அரசுடையது.

2024 அக்டோபர் 14 அதிகாலையில் மும்பையிலிருந்து நியூயார்க் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம், வழியிலேயே திருப்பிவிடப்பட்டு டெல்லியில் இறங்கியது. அதே நாளில் மஸ்கட்டுக்கும் ஜெத்தாவுக்கும் கிளம்பவிருந்த இரண்டு இண்டிகோ விமானங்கள் மும்பையிலேயே ஒதுக்குப்புறமாக நிறுத்திச் சோதிக்கப்பட்டன. காரணம், சமூக வலைத்தளத்தில் வந்த வெடிகுண்டு மிரட்டல். சோதனையில் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான விமானங்களுக்கு இதே மாதிரி மிரட்டல்கள், அத்தனையும் புரளி.

புரளி என்று பிறகு சொல்வது சுலபம். மிரட்டல் வந்த நிமிடத்தில் அதை யார் சொல்வது?

தமிழர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1984 ஆகஸ்ட் 2 இரவு, சென்னை மீனம்பாக்கத்தில் ஏர் லங்கா விமானத்துக்குப் பெட்டிகளைக் கொடுத்த ஒரு பயணி விமானம் ஏறவில்லை. பெட்டிகள் நிலையத்திலேயே தங்கின. அவற்றில் குண்டு இருக்கிறது, அப்புறப்படுத்துங்கள் என்று தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. ஆனால் குண்டு வெடிக்கும்வரை பெட்டிகள் நிலையத்தைவிட்டு அகற்றப்படவில்லை. இறந்தவர்கள் 33 பேர்.

பத்து மாதம் கழித்து, 1985 ஜூன் 23 அன்று, கனடாவிலிருந்து லண்டன், டெல்லி வழியாக பம்பாய் வரவேண்டிய 'கனிஷ்கா' அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்துச் சிதறியது. 329 பேர் பலி. அங்கேயும் பயணி ஏறாத பெட்டிதான். மறுவருடம் செப்டம்பர் 5 அன்று, பம்பாயிலிருந்து கிளம்பிய பான் ஆம் விமானத்தைக் கராச்சியில் கைப்பற்றியவர்கள் பாதுகாப்புக் காவலர்களின் உடையில், அதற்கேற்ற வண்டியில் வந்தார்கள். பயணிகளைக் காக்கப்போய் உயிர்விட்ட பம்பாய்ப் பெண் நீரஜா பானோட்டுக்கு அசோகச் சக்கரம் கிடைத்தது.

டெல்லியின் நடவடிக்கைகள் எப்போதும் விபரீதத்துக்குப் பின்னால்தான் வந்திருக்கின்றன. 1976 விமானக் கடத்தலுக்குப் பிறகு, 1978ல், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குள் ஒரு சிறு பிரிவாகப் பிறந்தது விமானப் பாதுகாப்புப் பணியகம். அது தனித் துறையானது கனிஷ்காவுக்குப் பிறகு, 1987ல். சட்ட அந்தஸ்து கிடைக்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! 1999ல் காந்தஹார் கடத்தல் நடந்த பிறகே, மாநிலப் போலீசிடமிருந்த நிலையக் காவல் மத்திய தொழிற்பாதுகாப்புப் படைக்கு மாறத் தொடங்கியது. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் ஆரம்பம்.

தாதரில் ரயிலேறிச் சென்னை போய்க்கொண்டிருந்த மாட்டுங்கா, செம்பூர்க் குடும்பங்களில் பல இன்று மும்பை விமான நிலையத்தில் வரிசையில் நிற்கின்றன. வாசலுக்கு வெளியே மும்பை போலீஸ். உள்ளே மத்திய தொழிற்பாதுகாப்புப் படை. கட்டடமும் சுற்றுச்சுவரும் 2006ல் ஜி.வி.கே.யிடம் போய், 2021ல் அதானி கைக்கு வந்த தனியார் நிர்வாகத்தின் பொறுப்பு. பெட்டியை வாங்கிக்கொள்வது விமான நிறுவனம். இவர்கள் அனைவருக்கும் விதி வகுப்பது பணியகம். செலவு பயணியுடையது: உள்நாட்டுப் பயணத்துக்கான பாதுகாப்புக் கட்டணம் 2021 ஏப்ரலில் 200 ரூபாயாக உயர்ந்தது.

மும்பையில் பாதுகாப்பு என்ற பேச்சு வந்தாலே குர்லா, ஜரிமரி பக்கம் சுவரை ஒட்டிய குடிசைகளைத்தான் முதலில் கை காட்டுகிறார்கள். சுவர் பலவீனமாக இருக்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் மீனம்பாக்கத்திலும் கனிஷ்காவிலும் குண்டு சுவரேறி வரவில்லை. முறையாகச் சீட்டு ஒட்டப்பட்டு, பெட்டி கொடுக்கும் மேஜை வழியாக வந்தது.

மிரட்டல் வந்தால் பணியகம், படை, போலீஸ், விமான நிறுவனம், நிலைய நிர்வாகம் எல்லாரும் அடங்கிய மதிப்பீட்டுக் குழு கூடி, அதைக் குறிப்பானது, குறிப்பற்றது என்று பிரிக்க வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. புரளிகள் குவிந்த 2024 அக்டோபரில் அந்த விதிகளும் திருத்தப்பட்டன. மிரட்டியவர் யார், பெயரில்லாத கணக்கா, ஒரே செய்தி எத்தனை விமானங்களுக்கு வந்தது என்றெல்லாம் குழு இனி எடைபோடலாம். மீனம்பாக்கத்துக்கு எச்சரிக்கை சொன்னவரும் பெயர் சொல்லவில்லை.