ஆங்கிலக் கூட்டுப் பெயரடைகளும் நமது அசையுணர்வும்

1816 இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், 1852 இல் உடுப்பிட்டியிலும் ஆங்கிலக் கல்விக்கு வித்திட்டது. அக்கல்வி இத்துணைக் காலம் வேரூன்றியிருந்தும், ஆங்கிலச் சொல்லை வேறுபட ஒலிக்கும் மாணவன் இன்றும் நகைப்புக்கு ஆளாகின்றான். அவ்வேறுபாடு அறியாமையால் எழுவதா, தாய்மொழி இலக்கணத்தால் எழுவதா என்பதைக் கூட்டுப் பெயரடைகள் வழியே ஈண்டு நோக்குவோம்.

முதற்கண் அசை யாதெனத் தெளிதல் வேண்டும். யாப்பிலக்கணத்தில் ‘கருங்குழல்’ நிரையும் நிரையுமாய் ஈரசை பெறும். மொழியியலாரோ உயிரொலிகளை எண்ணி அதனை நான்கசை என்பர். ஆங்கில அசை இப்பின்னைய வகையினது.

‘கைன்ட்-ஹாற்றெட்’ (இரக்கமுள்ள), ‘ஒல்ட்-பாஷன்ட்’ (பழம்பாங்கான) ஆகிய இரண்டும் மூவசைச் சொற்கள். எழுத்தில் இரண்டும் ஒரே விகுதியைக் கொண்டு முடியினும், முன்னதில் அது வல்லொலியை அடுத்து நிற்றலால் உயிர்பெற்றுத் தனியசையாகும். பின்னதில் னகரத்தோடு ஒட்டி உயிரின்றி ஒலிக்கும். நம் மாணவர் வாயில் இவை ‘கைன்டு-ஹாற்றெட்டு’, ‘ஒல்டு-பாஷன்டு’ என ஐந்தசையாகின்றன. வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடிவதில்லை. ஆதலின் நா உகரத்தைத் துணைக்கொள்கின்றது. இது குற்றியலுகரம் பயின்ற நாவின் இயல்பேயன்றி அறிவின் குறையன்று.

மேலும், ‘ஹாற்றெட்’ என நாம் எழுதுவதும் கருதத்தக்கது. ஆங்கில வல்லொலி நுனிநா மேற்பல்லின் பின்புறத்து முரசைத் தொடப் பிறப்பது. அதற்கு நாவளை ஒலியாகிய டகரத்தினும் யாழ்ப்பாணத்தார் ஒலிக்கும் றகர இரட்டிப்பே நெருங்கியது. ‘மாக்கற்’, ‘ரிக்கற்’ என்னும் நம் வழக்குகளும் இச்செவியுணர்வின் பயனே.

அழுத்தமே நமக்கு உண்மையில் புதியது. செம்மையும் தாமரையும் ‘செந்தாமரை’ எனப் புணர்கையில் தொகையின் இணைப்பை எழுத்துமாற்றம் காட்டும். ஆங்கிலத்தில் அப்பணியைப் பெரிதும் அழுத்தம் ஆற்றுகின்றது. ‘வெல்-நோன்’ (பெயர்பெற்ற) பயனிலையாய் நிற்கும்போது பிற்பகுதி அழுத்தம் பெறும். பெயருக்கு முன் அடையாய் வரும்போது அழுத்தம் பெரும்பாலும் முற்பகுதிக்குப் பெயரும்.

எனவே, ஆசிரியர் திருத்தவேண்டியவை இரண்டே: ஈற்றுகரத்தை நீக்குதலும் அழுத்தத்தின் இடத்தை உணர்த்தலும். நன்னூல் கற்ற மாணவனுக்கு இவற்றை அவன் இலக்கணத்தைக் கொண்டே விளக்கலாம். ஆங்கில உச்சரிப்பை உயர்குடிப் பிறப்பின் அடையாளமாக்கி ஏனையோரை நாணச்செய்யும் வழக்கம் கல்வியாகாது.