நிற்குமிடம் அறிந்த கதிர்

புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை செய்தவரை, "கரண்ட் வெச்ச ஆள்" என்றுதான் நம்மட ஊர்களில் சொல்லுவாங்க. உண்மையில் உடம்புக்குள் மின்சாரம் பாய்வதில்லை. பெரும்பாலும் எக்ஸ் கதிர்தான். அது கட்டியோடு நின்றுவிடாது, ஊடுருவி மறுபக்கத்தால் வெளியேறும். தொடையில் வந்த கட்டியென்றால் சமாளிக்கலாம். மண்டையோட்டின் அடியிலோ முதுகெலும்பிலோ வந்துவிட்டால்?

அங்கே வளரும் 'கோர்டோமா' ஓர் அரிய கட்டி. கருவில் முதுகெலும்புக்கு முன்னோடியாக இருந்த முதுகுநாணின் மிச்சத்திலிருந்து உண்டாவது. மெதுவாக வளரும், ஆனால் சரியான பிடிவாதம். முள்மேல் விழுந்த சேலையை எடுப்பதுபோலத்தான் சத்திரசிகிச்சை, கொஞ்சமாவது மிஞ்சும். அந்த மிச்சத்தை அடக்க 70 கிரே அளவுக்கு மேல் கதிர் தேவை (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு). பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் மூளைத்தண்டுக்கோ ஏறத்தாழ 54 கிரேதான் எல்லை.

இந்தச் சிக்கலுக்குத்தான் புரோத்தன் உதவுகிறது. வேகமாக ஓடும் பஸ்ஸிலிருந்து யாரும் இறங்குவதில்லை. வேகம் குறைந்து தரிப்பிடத்தில் நின்றதும்தான் கூட்டம் இறங்கும். புரோத்தனும் அப்படித்தான். வேகமாகப் போகையில் வழியில் கொஞ்சமாகவே சக்தியைக் கொடுக்கும், நிற்கும் இடத்தில் மிச்சம் முழுவதையும் கொட்டிவிடும். அதற்கப்பால் அநேகமாக ஒன்றுமில்லை. முதுகெலும்பு முழுவதற்கும் கதிர் தேவைப்படும் சிறுபிள்ளைக்கு, முன்னாலுள்ள இதயமும் குடலும் தப்புவது இதனால்தான்.

இதை வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாமென்று 1946இல் எழுதியவர் ரொபர்ட் வில்சன். அணுகுண்டு செய்யும் திட்டத்தில் வேலை செய்த அதே மனிதர்! 1954இல் அமெரிக்காவின் பேர்க்லியில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். 1990இல் லோமா லிண்டாவில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இயந்திரம் வந்தது. 2019இல் சென்னைக்கும் வந்துவிட்டது.

சென்னை என்றதும் காணியை விற்க யோசிப்பவர்கள், முதலில் இது எந்தக் கட்டியென்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். மூளைக்குள் வேர்விட்டுப் பரவும் கிளியோபிளாஸ்டோமா போன்றவற்றில் கட்டி முடியும் எல்லையே தெளிவில்லை. அங்கே துல்லியமாக நிற்கும் கதிரால் பெரிய இலாபம் கிடைப்பதில்லை. சிறிய கட்டிகள் பலவற்றுக்கு நுட்பமாகக் குவிக்கப்பட்ட எக்ஸ் கதிரே போதும்.

புரோத்தனின் பலத்திலேயே அதன் பலவீனமும் இருக்கிறது. நிற்குமிடம் சில மில்லிமீற்றர் பிசகினால் கட்டியின் ஓரம் தப்பிவிடும், அல்லது முண்ணாண் அடிபடும். முதுகெலும்பில் பொருத்திய உலோகக் கம்பி கணக்கைக் குழப்பும். மூக்கை அண்டிய எலும்புக் குழிகளில் சளி நிறைந்தாலே புரோத்தன் முன்கூட்டியே நின்றுவிடும். அதனால்தான் சிகிச்சை நடக்கும் வாரங்களில் இடையிடையே மறுபடி ஸ்கேன் எடுத்துக் கணக்கைத் திருத்துகிறார்கள்.