டயரை வாசிக்கக் கற்போம்

முந்திய வருட மாரியில் ஒருநாள், கொழும்பில் படிக்கும் ராத்தாவை அழைத்துக்கொண்டு வாப்பா காரில் வந்துகொண்டிருந்தார். வெலிக்கந்தையைத் தாண்டியதும் நல்ல மழை. ஒரு வளைவில் பிரேக் பிடித்தும் கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய்ப் பாதையோரப் புல்லில் நின்றது. அல்ஹம்துலில்லாஹ், இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வாப்பாவுக்கு ஒன்று மட்டும் விளங்கவே இல்லை. நான்கு டயர்களையும் மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. டயரில் வெட்டியிருக்கும் தவாளிப்புகளும் ஆழமாகவே இருந்தன. பிறகு ஏன் வழுக்கியது?

ஊருக்கு வந்த பிறகு, டயர் வேலை தெரிந்த ஒருவர் டயரின் பக்கத்தில் இருந்த நான்கு இலக்கங்களைத் தொட்டுக் காட்டினார். பணம் மிச்சம் என்று நாங்கள் வாங்கிய அந்தப் 'புதுசு போன்ற' பாவித்த டயர்களுக்கு, வாங்கும்போதே ஒன்பது வயது. இறப்பர் இறுகிப் போயிருந்தது. அந்த இலக்கங்கள் முதல் நாளே எங்கள் கண்முன் இருந்தன. அவற்றை வாசிக்கத்தான் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்களைப் போல் இன்னொரு குடும்பம் அறியாமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

உள்ளங்கை அளவு இடம்

ஓடும் காரில் பாதையைத் தொடுவது டயர் மட்டுமே. ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவான பகுதிதான் நிலத்தில் படிகிறது. காரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த நான்கு உள்ளங்கை இடங்களில் உண்டாகும் உராய்வுதான். பாதையில் தண்ணீர் நிற்கும்போது தவாளிப்புகள் அந்நீரை வெளியே தள்ளி, இறப்பரை நிலத்தோடு சேர்த்து வைக்கின்றன. தவாளிப்பு தேய்ந்துவிட்டாலோ, காற்று குறைந்திருந்தாலோ, வேகம் அதிகமாக இருந்தாலோ நீர் வெளியேற நேரம் போதாது. டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். அந்தக் கணத்தில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் பயனில்லை.

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் நாவற்குடாவில் மாரி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கல்லடியிலிருந்து காத்தான்குடி, கல்முனை வரை பாதையில் எத்தனை இடங்களில் தண்ணீர் நிற்கும் என்பதை நாம் அறிவோம்.

இறப்பருக்கும் வயதுண்டு

1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இதையே வல்கனைசுப்படுத்தல் என்று விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிறோம். 1887இல் ஜோன் டன்லப், தன் மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். இதற்கிடையில், 1876இல், பிரேசிலில் இருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட இறப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்து கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. பின்னாளில் 1952இல் சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசியைப் பெறும் ஒப்பந்தத்தையே நம் நாடு செய்துகொண்டது. இன்றும் இலங்கையில் டயர் உற்பத்தியாகிறது.

இத்தனை உறுதியாக்கியும் இறப்பர் மூப்படைகிறது. வெயில், வெப்பம், வளியிலுள்ள ஒட்சிசன், ஓசோன் ஆகியவை அதைச் சிறிது சிறிதாக இறுக்கி வெடிக்கச் செய்கின்றன. ஓடாமல் நிற்கும் டயருக்கும் வயது ஏறுகிறது. கார் டிக்கியில் கிடக்கும் மேலதிக டயரும் இதற்கு விலக்கல்ல.

பக்கச் சுவரில் உள்ள எழுத்து

சிறிய கார் ஒன்றின் டயரில் '155/65 ஆர் 14 75 எஸ்' என்று பொறிக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

155 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 'ஆர்' ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 75 என்பது பாரச் சுட்டெண். சரியான காற்றமுக்கத்தில் அந்த டயர் தாங்கக்கூடிய உச்சப் பாரம் 387 கிலோகிராம் என்பது அதன் பொருள். சுட்டெண் 82 என்றால் 475 கிலோகிராம். 'எஸ்' என்பது மணிக்கு 180 கிலோமீற்றர் வரையான வேகத் தரம். 'டி' என்றால் 190, 'எச்' என்றால் 210.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 155இன் 65 சதவீதம் 100.75 மில்லிமீற்றர். மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர், ஆகவே 201.5. ரிம் 14 அங்குலம், அதாவது 355.6. மொத்த விட்டம் 557.1 மில்லிமீற்றர். கடைக்காரர், "அந்த சைஸ் இல்லை, 165/65 போடுங்கள்" என்றால் விட்டம் 570.1 ஆகிவிடும். இரண்டு சதவீதத்துக்கும் சற்று அதிகமான வித்தியாசம். வேகமானி 60 என்று காட்டும்போது கார் 61க்கு மேல் ஓடும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயர் உள்ளே உரசவும் கூடும். ஆகவே சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் அல்லது வாகனத்தின் கைந்நூலில் உள்ள அளவையே கேட்டு வாங்க வேண்டும். பாரச் சுட்டெண்ணும் வேகத் தரமும் அதில் உள்ளதைவிடக் குறையவே கூடாது.

இனி அந்த நான்கு இலக்கங்கள். 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் அவை இருக்கும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். சில டயர்களில் இவ்வெண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கத்தில் காணாவிட்டால் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து வயது கடந்த டயரை வருடம் ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டிப் பரிசோதிப்பதும், தவாளிப்பு மீதி இருந்தாலும் பத்து வயதுக்கு மேல் பாவிக்காதிருப்பதும் டயர் நிறுவனங்கள் சொல்லும் பொதுவான அறிவுரை. நம் ஊர் வெயிலுக்கு இன்னும் முந்தியே மாற்றுவது நல்லது.

மலிவு எது?

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வாகனத்தையே பேணி ஓட்ட வேண்டியிருந்தது. டயர் செலவு பல குடும்பங்களுக்குப் பெரும் சுமை. ஆனாலும் விலைச்சீட்டை மட்டும் பார்ப்பது சிக்கனமாகாது.

ஓர் உதாரணம். 20,000 ரூபா டயர் 40,000 கிலோமீற்றர் ஓடினால் ஒரு கிலோமீற்றருக்கு 50 சதம். 12,000 ரூபா டயர் 15,000 கிலோமீற்றர் மட்டும் ஓடினால் 80 சதம். மலிவாக வாங்கியதே செலவு கூடியதாகிவிடுகிறது. பாவித்த டயரில் உள்ளே நடந்த பஞ்சர் வேலையும் அறுந்த இழைகளும் வெளியே தெரியாது. அதன் பழைய வாழ்க்கையை நாம் அறியோம்.

நான்கும் மாற்ற வசதியில்லை என்றால், ஒரே அச்சிலுள்ள இரண்டையும் ஒரே அளவில், ஒரே வகையில் மாற்றலாம். புதிய இரண்டையும் முன்னுக்குப் போட வேண்டும் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றைப் பின்னுக்குப் போடுவதே பாதுகாப்பு. முன் டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வாகனமே சுழன்றுவிடும்.

தேய்ந்த விதம் காரணத்தைச் சொல்லும்

டயர் காலத்துக்கு முன் தேய்ந்தால், அது தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே காரணத்தை அறியலாம்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூடுதல். இரண்டு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் கோணம் பிசகியிருக்கிறது, வீல் எலைன்மென்ட் செய்ய வேண்டும். கையால் ஒரு திசையில் தடவும்போது வழுவழுப்பாகவும் மறு திசையில் அரம் போலவும் இருந்தாலும் எலைன்மென்ட் பிழையே. அங்குமிங்கும் குழி குழியாக இருந்தால் சொக் அப்சோபர் பழுதாகியிருக்கலாம், அல்லது சக்கரம் பலன்ஸ் இல்லாமல் இருக்கலாம். இந்தக் காரணத்தைத் திருத்தாமல் டயரை மட்டும் மாற்றினால் புதிய டயரும் அதே வழியில்தான் தேயும்.

தவாளிப்புகளின் அடியில் சிறிய இறப்பர் மேடுகள் உண்டு. பக்கச் சுவரில் 'டி.டபிள்யூ.ஐ.' என்றோ சிறு முக்கோணமாகவோ அவை இருக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். அந்த மேடு மேற்பரப்போடு சமமாகிவிட்டால் மீதி ஆழம் 1.6 மில்லிமீற்றர்தான். அது கடைசி எல்லை. மழைப் பாதைக்கு 3 மில்லிமீற்றருக்குக் குறையுமுன் மாற்றுவதே நல்லது. ஓர் அடிமட்டத்தால் இதை அளக்கலாம். உயர்தர மாணவிகள் வேணியர் இடுக்கிமானியின் பின்னால் நீளும் கோலைப் பாவித்து இன்னும் திருத்தமாக அளக்கலாம். ஆய்வுகூடத்தில் படித்தது வீட்டு வாசலிலும் பயன்படட்டுமே.

வீட்டில் பழக வேண்டியவை

காற்றமுக்கத்தை மாதம் ஒருமுறையாவது, தூரப் பயணத்துக்கு முன்பும், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். துளை எதுவும் இல்லாமலே மாதத்துக்கு ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். அடிக்க வேண்டிய அளவு கதவோர ஒட்டுத்தாளில் உள்ளது. டயரின் மேல் எழுதியிருப்பது உச்ச எல்லை மட்டுமே. ஓடி வந்த சூட்டில் அமுக்கம் கூடுதலாகக் காட்டும். அப்போது காற்றைத் திறந்துவிடக் கூடாது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து சூடேறும். கடும் வெயிலில், நிறைந்த பாரத்தோடு, நீண்ட பாதையில் டயர் வெடிப்பது பெரும்பாலும் இதனால்தான். நைதரசன் அடித்தால் இக்கவலை இல்லை என்பார்கள். நாம் அடிக்கும் சாதாரண காற்றிலேயே 78 சதவீதம் நைதரசன்தான். எதை அடித்தாலும் அளவு பார்ப்பதை விட முடியாது.

8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்ற வேண்டும். நம்மிடையே ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றை முன் சக்கரங்களே இழுப்பதால் முன் டயர்கள் விரைவாகத் தேயும். இடம் மாற்றினால் நான்கும் ஒத்துத் தேயும். திசை அம்புக்குறி உள்ள டயரை மட்டும் பக்கம் மாற்றக் கூடாது. பெரிய குழியில் விழுந்தாலோ, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ எலைன்மென்ட் பார்க்க வேண்டும். நம் பகுதியில் உப்புக் காற்று ரிம்மை அரித்து, ரிம்மும் டயரும் சேரும் இடத்தால் காற்றுக் கசியச் செய்யும். வாகனத்தைக் கழுவும்போது ரிம்மையும் நல்ல தண்ணீரால் கழுவுவது பயன் தரும். திடீர்ப் பிரேக்கும், வேகமாக வளைவு எடுப்பதும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவதும் டயரின் ஆயுளைக் குறைக்கும்.

பிள்ளைகளைப் பாடசாலை வேனில் அனுப்பும் பெற்றோர், அந்த வேனின் டயரையும் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். வருடாந்தப் புகைப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கும், டயரைப் பார்க்காது. சாரதியிடம் மரியாதையாகக் கேட்டால் அவரும் தவறாக எடுக்கமாட்டார். அவருடைய உயிரும் அதே டயரில்தான் இருக்கிறது.

வாகனத்தில் ஏறும்போது துஆ ஓதுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும் என்பதையும் சிறு வயதிலேயே குர்ஆன் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். எங்கள் வீட்டில் இப்போது மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலையில் காற்றமுக்கம் பார்ப்பது என் வேலை. அளவை நான் வாசிக்க, தங்கச்சி கொப்பியில் எழுதுவாள். சென்ற மாதம் பின்பக்க இடது டயரில் மட்டும் நான்கு புள்ளி குறைந்திருந்தது. பார்த்தால் ஒரு சிறிய ஆணி. அன்று பின்னேரம் வாப்பா அதே கொழும்புப் பாதையில்தான் போகவிருந்தார்.