உங்கள் கணினி உண்மையில் உறங்குகிறதா?

"ராத்திரி முழுக்க இது ஏன்மா முனகுது?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். திரை இருண்டிருந்தது, உள்ளே விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. 15 நிமிடத்தில் உறங்கும்படி நான்தான் அமைத்திருந்தேன். அமைப்புப் பக்கம் நாம் இட்ட கட்டளையைத்தான் காட்டும். கணினி அதற்குக் கீழ்ப்படிகிறதா என்று சொல்லாது.

அதை அறிய ஒரு வழி உண்டு. விண்டோஸ் தேடலில் சி, எம், டி என்று தட்டுங்கள். வருவதை வலப்பக்கம் சொடுக்கி 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புச் சட்டம் திறக்கும். அதில் 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி எழுதி, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, 'ரிக்வெஸ்ட்ஸ்' எனச் சேர்த்து என்டர் விசையைத் தட்டுங்கள். உறங்கவிடாமல் தடுப்பது எது என்று காட்டும். எல்லா வரியிலும் 'நன்' என்று வந்தால் தடையில்லை. என் வீட்டில் குற்றவாளி, ஒலியைக் குறைத்துவிட்டு நான் நிறுத்த மறந்த பாட்டு!

உறங்கிய கணினி தானாக விழிக்கிறதா? 'ரிக்வெஸ்ட்ஸ்' இடத்தில் 'லாஸ்ட்வேக்' எனத் தட்டினால், கடைசியாக எழுப்பியது எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

60 வாட் இழுக்கும் கணினி இரவில் 8 மணி நேரம் விழித்திருந்தால் ஏறக்குறைய அரை யூனிட் வீண். 30 இரவுகளில் 14 யூனிட்டுக்கு மேல். இன்றிரவு படுக்கப் போகுமுன் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.